நள்ளிரவில் மைக் முன்னால் யார்?

திருப்பதியில் 2025 ஜனவரி 8-ஆம் தேதி இரவு, வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கனுக்காகக் காத்திருந்த கூட்டம் நெரிந்து 6 பேர் உயிரிழந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. டோக்கன் கொடுக்கத் தொடங்குவது மறுநாள் விடியற்காலை 5 மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள். ஆனால் முதல் நாளே ஊர் நிரம்பிவிட்டது. ஊருக்குள் பைராகிபட்டெடா என்ற இடத்தில் அந்த நெரிசல் நேர்ந்தபோது இரவு ஒன்பது மணியை ஒட்டிய நேரம். திருப்பதிக்குப் போகும் பேருந்தும் காரும் ராத்திரி என்றால் நிற்பதில்லை. அப்படி வழியில் இருப்பவர்களிடம் "இப்போது அந்தப் பக்கம் போகாதீர்கள்" என்று சொல்ல வானொலியால் முடியுமா?

அலைவரிசை தயாராகத்தான் இருக்கிறது. ஆனால் பேச ஆள் வேண்டும். வானொலி நிலையங்கள் பலவற்றில் இரவு 11 மணியை ஒட்டி உள்ளூர் ஒலிபரப்பு முடிந்துவிடும். டியூட்டி அதிகாரியும் அறிவிப்பாளரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். தெலுங்கு வீடுகளுக்குப் பழகிப்போன விஜயவாடா பிரதேசச் செய்தி காலை 6.45-க்குத்தான். தனியார் பண்பலைகளில் பாட்டு இரவெல்லாம் கேட்கும். ஆனால் பாட்டு, விளம்பரம், நடுவே பேசும் குரல் எல்லாவற்றையும் முன்கூட்டியே கணினியில் வரிசையாக ஏற்றிவிட்டால் விடியும்வரை அது தானாக ஓடும். ஸ்டுடியோவில் யாரும் இருக்கத் தேவையில்லை.

தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது, ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் அப்படியே அஞ்சல் செய்யலாம் என்பது இந்திய விதி. இங்கேயே பலர் நின்றுவிடுகிறார்கள். ஆனால் 2011-இல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கை போக்குவரத்து, வானிலைத் தகவல்களைச் செய்தி என்ற கணக்கிலிருந்து விலக்கிவிட்டது. இயற்கைச் சீற்றம், மின்சாரம், குடிநீர், சுகாதாரம் பற்றி உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்புகளுக்கும் அதே விலக்கு உண்டு. ஆக, ஆட்சியர் அலுவலகம் தகவல் கொடுத்தால் நள்ளிரவிலும் ஒலிபரப்பத் தடையில்லை. உதாரணமாக, 2021 நவம்பர் மழையில் திருமலை மலைப்பாதைகளை மூடினார்கள். திருப்பதி அருகே ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு, கீழே இருந்த ஊர் மக்களை வெளியேற்றினார்கள். வானொலியில் சொல்வதற்கு ஏற்ற தகவல்கள் இவை. இப்படித் தகவல் சொல்ல அதிகாரிகள் இரவில் நிலையத்தைக் கூப்பிட்டால், தொலைபேசியை எடுப்பது யார் என்பதுதான் கேள்வி.

எடுக்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் மைனாட் நகரம் அனுபவித்தது. 2002 ஜனவரி 18 அதிகாலை ஒன்றரை மணிக்கு மேல் சரக்கு ரயில் தடம்புரண்டு, அம்மோனியா வாயு ஊருக்குள் பரவியது. போலீஸ், வானொலி நிலையத்தைக் கூப்பிட்டுப் பார்த்தது, ஆள் கிடைக்கவில்லை. ஊரின் ஆறு வணிக வானொலிகளும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. தானியங்கி எச்சரிக்கைக் கருவியும் அன்று உதவவில்லை. தவறு யாருடையது என்று நிறுவனமும் போலீஸும் பிறகு மாறிமாறிக் குற்றம் சாட்டிக்கொண்டன. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள்.

ராத்திரிக்கென்றே ஒரு வானொலி நம்மிடமும் இருந்தது. 1988 மே 18-இல் தொடங்கிய ஆகாசவாணியின் தேசிய அலைவரிசை, நாகபுரியின் சக்திவாய்ந்த ஒலிபரப்பி வழியாக மாலை முதல் விடியும்வரை ஒலித்தது. செலவைக் காரணம் காட்டி 2018 டிசம்பரில் அதை மூட உத்தரவிட்டார்கள். அது தவறான சிக்கனம் என்றே நினைக்கிறேன்.

2023-இல் நாடெங்கும் கைபேசிகளை அலறவைத்துச் சோதித்த அவசர எச்சரிக்கை இருக்கிறதே என்று கேட்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது நாலு வரியோடு முடிந்துவிடும். எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே தங்கலாம், அடுத்த அரை மணியில் என்ன மாறியது என்று தொடர்ந்து சொல்ல ஒரு குரல் வேண்டும்.

இதற்கு இரவு முழுவதும் செய்தி அறை நடத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு நிலையமும் ஓர் இரவுப் பொறுப்பாளரை முறைவைத்து நியமித்து, அவர் எண்ணை ஆட்சியரின் கட்டுப்பாட்டு அறையில் எழுதி வைக்கலாம். ஓடும் பாட்டை வீட்டிலிருந்தே நிறுத்திப் பேசும் வசதி இன்றைய மென்பொருளில் கிடைக்கிறது. திருப்பதியிலும் சித்தூரிலும் அந்த அறிவிப்பு தெலுங்கோடு தமிழிலும் வரவேண்டும். சேலத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் வண்டி ஓட்டி வருகிறவருக்குத் தெலுங்கு புரியாமல் போகலாம்.