விண்டோஸை மறுபடி ஏற்றும் முன்: ‘டி’ டிரைவில் உள்ளவை என்ன ஆகும்?



அன்பார்ந்த ஜமாஅத்தார்களே! பிள்ளைகள் படித்தபோது அரசு வழங்கிய லேப்டாப், ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த கருவியில்தான் இன்று கடைக் கணக்கு, மாதச் சந்தாப் பட்டியல், பிள்ளைகளின் சான்றிதழ் நகல் எல்லாம் இருக்கின்றன. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 14.10.2025-இல் நிறுத்திவிட்டது. வைரஸ் வந்தோ, வேகம் குறைந்தோ “ஓஎஸ் போட” வேண்டிய நிலையும் அடிக்கடி வருகிறது.

அப்போது நம்மிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: “ப்ரோகிராமெல்லாம் ‘டி’ டிரைவில்தானே இருக்கிறது, ‘சி’யை அழித்தால் என்ன?”

‘டி’யில் உள்ள கோப்புகள் அழியாது. ஆனால் பெரும்பாலான ப்ரோகிராம்கள் ஓடாது.

காரணம் என்ன?

ஜமாஅத் தப்தரை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய தப்தர் போய்ப் புதிது திறந்தால், வீடும் குடும்பமும் அதே தெருவில் இருந்தாலும், மறுபடி எழுதும்வரை அதில் பெயர் இருக்காது. விண்டோஸிலும் ‘ரெஜிஸ்ட்ரி’ என்று ஒரு தப்தர் உண்டு. ஒரு ப்ரோகிராமை எந்த டிரைவில் நிறுவினாலும் அதன் பதிவு ‘சி’யில் உள்ள இந்த ரெஜிஸ்ட்ரியில்தான் ஏறும். அது ஓடத் தேவையான துணைக் கோப்புகள் சிலவும் ‘சி’யில்தான் தங்கும். ‘சி’யை ஃபார்மட் செய்தால் இவை போய்விடும். எனவே ப்ரோகிராமை மறுபடி நிறுவியே ஆகவேண்டும். நிறுவாமலே ஓடும் ‘போர்ட்டபிள்’ வகை மட்டும் விதிவிலக்கு.

உண்மையான இழப்பு எங்கே?

ப்ரோகிராமை மறுபடி வாங்கலாம். கணக்கை வாங்க முடியாது. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் சாதாரணமாக ‘சி’யில் இருப்பவை. டேலி ‘டி’யில் இருந்தாலும் அதன் டேட்டா ‘சி’யில் இருக்கக்கூடும். டேலியைத் திறந்து டேட்டா எந்த ஃபோல்டரில் உள்ளது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் ‘சி’யில்தான்.

ஃபார்மட்டுக்கு முன்

1. மேற்சொன்ன அனைத்தையும் பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்கிலோ நகலெடுத்து, வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ‘சி’யும் ‘டி’யும் பெரும்பாலும் ஒரே டிஸ்கின் இரு பகுதிகள்தாம்; டிஸ்க் கெட்டால் இரண்டும் போகும். ஆகவே ‘டி’யில் நகல் வைப்பது மட்டும் போதாது.
2. டேலி லைசென்ஸை ‘சரண்டர்’ செய்யுங்கள். மற்ற ப்ரோகிராம்களின் சாவி எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.
3. பாமினி, வானவில் போன்ற தமிழ் எழுத்துருக்களை நகலெடுங்கள். அவை இல்லாவிட்டால் பழைய நிக்காஹ் அழைப்பிதழும் கடிதமும் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.
4. புதிய லேப்டாப் என்றால் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். ‘பிட்லாக்கர்’ மீட்பு எண்ணை முதலில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் ‘டி’யும் திறக்காமல் போகலாம்.

விண்டோஸ் இன்னும் திறக்கிறது என்றால், அதற்குள்ளிருந்தே நிறுவல் கோப்பை ஓட்டி, கோப்புகளையும் ப்ரோகிராம்களையும் வைத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தெடுக்கலாம். ‘ரீசெட்’ அப்படியல்ல, கோப்புகளை வைத்துக்கொண்டாலும் ப்ரோகிராம்களை நீக்கிவிடும்.

ஏற்றும்போது

நிறுவும் திரையில் ‘சி’, ‘டி’ என்ற எழுத்துகள் பெரும்பாலும் தெரியாது; பார்ட்டிஷன் எண்ணும் அளவும்தான் தெரியும். ஆகவே இரண்டின் அளவையும் முன்கூட்டியே எழுதி வைத்து, கடைக்காரரிடம் கொடுங்கள். ‘டி’ தனி ஹார்டு டிஸ்காக இருந்தால், வேலை முடியும்வரை அதைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். எந்தப் பார்ட்டிஷன் என்று சந்தேகம் வந்தால் அழிக்காமல் நிறுத்திவிடுவதே நல்லது.

ஏற்றிய பின்

‘டி’யில் உள்ள பழைய ப்ரோகிராம் ஃபோல்டரை உடனே அழிக்காதீர்கள், பெயரை மட்டும் மாற்றி வையுங்கள். ப்ரோகிராமைப் புதிதாக நிறுவி, டேட்டா இருக்கும் இடத்தைக் காட்டி, கடைசி மாதக் கணக்கு சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகு பழையதை நீக்கலாம். பழைய ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால் பயப்பட வேண்டாம். அது பழைய பயனர் கணக்கின் பூட்டு. அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்து ‘கண்டினியூ’ கொடுத்தால் பெரும்பாலும் திறந்துவிடும்.

அமானிதம்

ஜகாத் பெறுவோர் பட்டியல், கடன் விவரம், பெண்பிள்ளைகளின் படங்கள் ஆகியவை உள்ள லேப்டாப்பை அப்படியே கடையில் விட்டு வராதீர்கள். நகலெடுத்து, கருவியிலிருந்து நீக்கிவிட்டுக் கொடுங்கள். முடிந்தால் கூடவே இருங்கள். உதவி பெறுபவரின் மானம் நம் கையில் உள்ள அமானிதம்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. எழுதியதைப் பாதுகாப்பதும் அந்தப் பொறுப்பில் சேர்ந்ததே. இந்த வாரமே ஒரு நகல் எடுத்து வையுங்கள். இன்ஷா அல்லாஹ், ஓஎஸ் போட வேண்டிய நாளில் பதற்றம் இருக்காது.

வஸ்ஸலாம்.
செயலாளர்