எடைக்கல்லை அவிழ்த்த மாணவி

பதினோராம் வகுப்பில் நிலைமத் திருப்புத்திறனுக்கான வாய்பாடுகளைப் பெரும்பாலான மாணவர்கள் ஒப்பித்துவிடுவார்கள். "நிறை மாறவில்லை, சுழற்றுவது மட்டும் ஏன் கடினமாகிறது?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

அதனால் வாய்பாட்டுக்கு முன்பே ஒரு மீட்டர் மர அளவுகோலைக் கையில் கொடுத்துவிடுவேன். மையத்தின் இருபுறமும் 10 செ.மீ. தொலைவில் 200 கிராம் எடைக்கற்கள் இரண்டை இறுகக் கட்டுவோம். நடுவில் பிடித்து, மணிக்கட்டால் இடமும் வலமும் விரைவாகத் திருப்ப வேண்டும். பிறகு அதே கற்களை 40 செ.மீ.க்குத் தள்ளிக் கட்டினால் மணிக்கட்டு கெஞ்சும். தொலைவு 4 மடங்கு, அதன் இருமடி 16. எனவே எதிர்ப்பும் 16 மடங்கு என்று கரும்பலகையில் எழுதி முடிப்பேன்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி கற்களை அவிழ்த்துவிட்டு வெறும் அளவுகோலைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "சார், கல்லே இல்ல, இப்பவும் கை இழுக்குதே! உங்க கணக்குப்படி சுழிதானே வரணும்?"

அளவுகோலை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை! எத்தனை வகுப்புகளுக்கு அந்த 16-ஐ எழுதியிருப்பேனோ. உடனே அதை நிறுத்தோம்: 120 கிராம். சீரான தண்டை நடுவில் சுழற்றினால், நிறையை நீளத்தின் இருமடியால் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும். விடை 0.01 கி.கி.மீ². கற்களின் பங்கு அருகில் 0.004, தொலைவில் 0.064. கூட்டினால் 0.014, 0.074. ஆக, 5 மடங்கைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். கற்கள் அருகில் இருக்கும்போது 120 கிராம் மரம் 400 கிராம் இரும்பை மிஞ்சுகிறது என்பதை வகுப்பு முதலில் நம்பவில்லை. மரத்தின் நிறை முனைவரை பரவியிருக்கிறதே!

அடுத்து, மேசைமேல் வைத்து ஒரு முனையைப் பிடித்துத் திருப்பச் சொன்னேன். 12-க்குப் பதில் 3-ஆல் வகுக்க வேண்டும், 4 மடங்கு. உள்ளங்கைகளுக்கிடையே நீளவாக்கில் உருட்டினாலோ எதிர்ப்பே தெரியாது. எந்த அச்சைப் பற்றி என்று சொல்லாத வினாவுக்கு விடை கிடையாது. அப்படி வினாத்தாள் தயாரித்தவர்களில் நானும் ஒருவன்.

பாலிடெக்னிக், பொறியியல் பக்கம் போகிறவர்களிடம் இன்னொன்றையும் சொல்லி அனுப்புகிறேன். அதே அளவுகோல் தட்டையாக வைத்து அழுத்தினால் வளையும், விளிம்பில் நிறுத்தி அழுத்தினால் வளையாது. இதை விளக்கும் அளவுக்கும் அங்கே இதே பெயரைச் சொல்வார்கள். ஆனால் அதில் நிறைக்கு இடமில்லை. அது குறுக்குவெட்டுப் பரப்பின் பரவலைச் சொல்வது, அலகு மீ⁴.