டிமென்ஷியா: மறதியும் அதைத் தாண்டியும்

டிமென்ஷியா என்பது பல நோய்கள் கொண்டுபோய் விடும் ஒரு நிலையின் பொதுப்பெயர். நினைவு, பேச்சு, கணக்கு, வழி அறிதல், முடிவெடுத்தல் ஆகிய திறன்கள் படிப்படியாகத் தேய்ந்து, அன்றாட வேலைகளுக்கே பிறர் கையை எதிர்பார்க்க வேண்டிய கட்டத்தை அது குறிக்கிறது. இந்த நிலையில் இருப்பவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேருக்குக் காரணம் அல்சைமர் நோய். பேச்சில் முன்னால் நிற்பது மறதிதான் என்றாலும், வீட்டாரை நிலைகுலைய வைப்பவை வேறு: சந்தேகம், பழி சொல்லுதல், திடீர்க் கோபம், இரவெல்லாம் விழித்திருத்தல், சொல்லாமல் கொள்ளாமல் வெளியே கிளம்பிப் போதல். இவையும் நோயின் பகுதி என்று தெரியாத வீடுகளில், "வேணும்னே பண்றாங்க" என்ற பேச்சு எழுகிறது.

மருத்துவ வரலாற்றில் பதிவான முதல் அல்சைமர் நோயாளியிடமே இந்த நடத்தை மாற்றங்களைக் காணலாம். 1901 நவம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில் அகுஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். மருத்துவர் அலோய்ஸ் அல்சைமரின் குறிப்பின்படி, அவரிடம் முதலில் தென்பட்டது கணவர் மீதான கடும் சந்தேகம். அதன் பிறகே மறதி வளர்ந்தது. சொந்த வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் தடுமாறினார்; பொருள்களை இங்கும் அங்கும் இழுத்துக்கொண்டுபோய் ஒளித்துவைத்தார்; யாரோ கொல்ல வருவதாக நினைத்துக் கத்தினார். 1906 ஏப்ரலில் அவர் இறந்தபோது அல்சைமர் மியூனிக் நகருக்கு மாறியிருந்தார். மூளையை வரவழைத்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தவருக்கு இரண்டு மாற்றங்கள் தெரிந்தன. நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிவுகள். அணுக்களுக்கு உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகள். அதே ஆண்டு நவம்பரில் டியூபிங்கன் நகரில் நடந்த கூட்டத்தில் இதை அவர் விவரித்தபோது கேட்டவர்கள் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. 1910இல் மனநல மருத்துவர் எமில் கிரேப்பலின் தன் பாடநூலில் இந்த நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

வெளிப் படிவுகள் அமிலாய்டு பீட்டா என்ற புரதத்தாலும், உள்முறுக்குகள் டாவ் என்ற புரதத்தாலும் ஆனவை என்பது பின்னர் தெரிந்தது. அறிகுறி வெளியில் தெரிவதற்கு 15, 20 ஆண்டுகள் முன்பே படிவு தொடங்கிவிடுகிறது. வழக்கமாக முதலில் அடிபடுவது ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதியும் அதை ஒட்டிய பகுதிகளும். புதிய நிகழ்வுகளை நினைவாகப் பதிவது ஹிப்போகேம்பஸின் வேலை. அதனால்தான் 1965இல் நடந்த கல்யாணத்தை விவரமாகச் சொல்கிறவருக்குக் காலையில் இட்லி சாப்பிட்டது தெரிவதில்லை. அவரைப் பொறுத்தவரை அப்படி ஒன்று நடக்கவே இல்லை. "மருமக சோறே போடலை" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இதுதான். வஞ்சனை ஏதும் கிடையாது. பூக்கட்டுதல், கோலம் போடுதல், பாட்டு போன்ற பழகிய திறன்கள் மூளையில் வேறு வழிகளில் பதிந்திருப்பதால் நெடுநாள் தங்குகின்றன. உணர்ச்சியின் தடமும் அப்படியே. காலையில் யார் அதட்டினார்கள் என்பது மறந்துபோனாலும், அந்த அதட்டல் விட்டுச்சென்ற கலக்கம் மதியம் வரை நீடிக்கலாம்.

மற்ற வகைகளின் போக்கு வேறு. ரத்தக் குழாய் அடைப்பால் வருவது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நெடுநாள் கட்டுப்படாமல் இருந்தவர்களிடம் அதிகம். சிறு பக்கவாதம் ஒவ்வொன்றுக்கும் பிறகு படி இறங்குவதுபோல் திறன் ஒரு கட்டம் குறையும். லூயி உடல் டிமென்ஷியாவில், இல்லாத குழந்தைகளும் விலங்குகளும் தெளிவாகக் கண்ணுக்குத் தெரியும். உடல் விறைப்பும் நடைத் தளர்ச்சியும் சேரும். ஒருநாள் தெளிவாகவும் மறுநாள் குழப்பமாகவும் இருப்பார்கள். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகை பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே வந்து, தொடக்கத்தில் நினைவை விட்டுவிட்டுக் குணத்தை மாற்றுகிறது. வயதானவர்களில் பலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் கலந்தே இருக்கின்றன.

2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் விகிதம் கூடுதல். இவர்களில் பலர் மருத்துவரிடமே போனதில்லை. "வயசாச்சுன்னா அப்படித்தான்" என்ற சொல்லோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

வயதால் வரும் மறதியில் ஒரு பெயர் நாக்கு நுனியில் நின்று, சற்று நேரம் கழித்து வந்துவிடும். ஐம்பது ஆண்டுகள் சமைத்தவர் சாம்பாருக்குப் புளி கரைத்த பிறகு அடுத்தது என்ன என்று திகைத்து நிற்பதும், கணக்குவழக்கில் கெட்டிக்காரர் பாஸ்புக்கைப் பார்த்து விழிப்பதும், தன் தெருவிலேயே வழி தவறுவதும் அந்தக் கணக்கில் சேராது. அப்போது மருத்துவரைப் பார்ப்பதில் ஒரு முக்கியமான பயன் உண்டு. பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, விழுந்து அடிபட்டதில் மண்டைக்குள் கட்டிய ரத்தம், சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவை டிமென்ஷியாபோலவே தோற்றம் தரும்; இவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது. நேற்றுவரை நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் குழம்பிப் பிதற்றினால் அது பெரும்பாலும் டிமென்ஷியா அல்ல. சிறுநீர்த் தொற்றோ சோடியம் குறைவோ இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம் அது.

ரத்தப் பரிசோதனை, மூளை ஸ்கேன், நினைவுத் தேர்வு ஆகியவற்றோடு வீட்டார் சொல்வதையும் வைத்தே நோய் உறுதிசெய்யப்படுகிறது. கடிகாரம் வரையச் சொல்வது, நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வது போன்ற தேர்வுகள் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்குப் பொருந்துவதில்லை. கல்வி குறைந்தவர்களுக்கும் ஏற்ற முறையை உருவாக்கி, வளரும் நாடுகளில் ஆய்வு செய்த 10/66 என்ற பன்னாட்டுக் குழுவின் களங்களில் சென்னையும் வேலூரும் இருந்தன.

நோயை முழுதாகத் தடுக்க வழியில்லை என்றாலும் வாய்ப்பைக் குறைக்கலாம். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024இல் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டு, உலகின் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 சதவீதத்தை அவற்றோடு தொடர்புபடுத்தியது. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, மது என்று எதிர்பார்த்தவையே அதில் அதிகம். காது கேளாமையும் அந்தப் பட்டியலில் முக்கிய இடத்தில் இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளத் தயங்காதவர்கள் காது கருவிக்கு மட்டும் ஏன் வெட்கப்படுகிறார்கள் என்பது விளங்காத சங்கதி.

டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமான்டின் ஆகிய மருந்துகள் சிலருக்கு அறிகுறிகளைச் சற்றுத் தணிக்கும், நோயை நிறுத்தாது. அமெரிக்காவில் 2023இல் முழு ஒப்புதல் பெற்ற லெகானெமாப், 2024இல் ஒப்புதல் பெற்ற டோனனெமாப் இரண்டும் அமிலாய்டை அகற்றித் தொடக்கநிலை நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கின்றன; மூளை வீக்கம், ரத்தக்கசிவு என்ற ஆபத்தும் உண்டு. வல்லாரை லேகியமோ விளம்பரத்தில் வரும் ஞாபகசக்தி டானிக்கோ டிமென்ஷியாவைக் குணப்படுத்தியதாக நிரூபணம் இல்லை. ஆக, சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டில், பார்த்துக்கொள்ளும் முறையில் இருக்கிறது.

அதில் முதலில் விட வேண்டியது திருத்தும் பழக்கம். "என் வளையலை வேலைக்காரி எடுத்துட்டா" என்பவரிடம், "நீங்கதான் எங்கயோ வச்சிருப்பீங்க" என்று வாதிட்டால் சண்டைதான் மிஞ்சும். "அடடா, வாங்க, சேர்ந்து தேடுவோம்" என்றால் கோபம் பாதி இறங்கிவிடும். ஒளித்துவைக்கும் இடங்கள் அரிசி டப்பா, தலையணை உறை என்று சில நாளில் வீட்டாருக்குப் பிடிபட்டுவிடும். "அம்மா எங்கே?" என்று எண்பது வயதுக்காரர் கேட்கும்போது, இறந்து முப்பது வருஷமாகிறது என்று சொன்னால் ஒவ்வொரு முறையும் அது அவருக்குப் புதிய சாவு. "அம்மா ஞாபகம் வந்துடுச்சா? அவங்க கைச்சமையல் எப்படி இருக்கும்?" என்று கேட்டுப் பேச்சைத் திருப்பலாம். பெற்றவரிடம் உண்மையை மறைக்கலாமா என்று சிலர் கூசுகிறார்கள். அவர் தேடுவது தகவலை விடவும் ஆறுதலைத்தான் என்று கொண்டால் அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை.

சாயங்காலம் இருட்டத் தொடங்கியதும் பலருக்குப் பதற்றம் கூடும். சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள். வெளிச்சம் குறையும் முன்பே விளக்கைப் போடுவது, மதியத் தூக்கத்தைக் குறைப்பது, அந்த நேரத்தில் கீரை ஆய்வது, துணி மடிப்பது என்று கைக்கு வேலை கொடுப்பது உதவும். மடித்த துணியை மறுபடி கலைத்துக் கொடுத்தாலும் குற்றமில்லை. குளிக்க மறுப்பதற்குக் குளிர், கூச்சம், தலையில் தண்ணீர் விழும் பயம் என்று காரணங்கள் இருக்கும். வெந்நீரைக் காலிலிருந்து மெல்ல ஊற்றிப் பழக்கலாம். சட்டைப் பையில் தொலைபேசி எண் எழுதிய அட்டை இருப்பது நல்லது. முனைக் கடைக்காரருக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் விஷயத்தைச் சொல்லிவைப்பது அதைவிட நல்லது. நோயை மூடிமறைக்கும் குடும்பங்கள் இழப்பது இந்தக் கண்காணிப்பைத்தான். கேஸ் ரெகுலேட்டரை இரவில் மூடுவதும், கழிவறையில் விளக்கை எரியவிடுவதும், கண்ணாடியில் யாரோ நிற்பதாகப் பயந்தால் அதைத் துணியால் மூடுவதும் சிறிய ஏற்பாடுகள்.

புதிதாக அடம் தோன்றினால் உடம்பில் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல்வலியையும் மலச்சிக்கலையும் சொல்லத் தெரியாதவர் கோபமாகத்தான் காட்டுவார். அடக்கிவைக்கத் தரப்படும் மனநோய் மாத்திரைகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களிடம் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன. லூயி உடல் வகையில் இன்னும் கவனம் தேவை.

இந்தச் சுமை பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் என்று ஒரே ஒருத்தியின் மேல் விழுகிறது. விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் முன்னால் நோயாளி நன்றாகப் பேசிவிடுவதால், "அப்பா நல்லாத்தானே இருக்கார்" என்ற தீர்ப்பும் அவளுக்குக் கிடைக்கும். பார்த்துக்கொள்பவருக்கு மனச்சோர்வு வருவது வெகு சாதாரணம். வாரத்தில் சில மணி நேரமாவது வேறொருவர் பொறுப்பேற்பதுதான் உண்மையான உதவி. தொலைபேசி அறிவுரை அதற்கு ஈடாகாது. முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கான டெலி-மானஸ் 14416 ஆகியவற்றை அழைக்கலாம். 1992இல் கேரளத்தில் தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கமும், சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனமும் குடும்பங்களுக்கு வழிகாட்டுகின்றன.

கடைசிக் கட்டத்தில் நடையும் பேச்சும் குறைந்து, விழுங்குவதே சிரமமாகிறது. உணவு மூச்சுக்குழலில் போய் நிமோனியா வருவது மரணத்துக்கு முக்கியக் காரணம். மூக்குக் குழாய் வழியாக ஊட்டுவது இந்தக் கட்டத்தில் ஆயுளைக் கூட்டுவதாகச் சான்றில்லை. நிமிர்த்தி உட்காரவைத்து, குழைத்த சோற்றைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவதையே முதியோர் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். செயற்கைச் சுவாசம், தீவிர சிகிச்சை பற்றிய விருப்பத்தை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைப்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று போதும் என்று 2023இல் அது நடைமுறையையும் எளிதாக்கியது. உயில், வங்கிக் கணக்கு, சொத்து ஏற்பாடுகளைப் போலவே இதையும் புத்தி தெளிவாக இருக்கும் தொடக்க கட்டத்திலேயே அவரைக் கேட்டு முடித்துவிட வேண்டும். பிறகு போடும் கையெழுத்து சட்டத்தின் முன் நிற்பது கடினம்.