புரோட்டீனுக்குச் சீட்டுக் கிழிகிறது!

ஜிம்முக்குப் போகிற இளைஞர்கள் புரோட்டீனைச் சேர்ப்பது பற்றியே பேசுகிறார்கள். அதை உடம்பு எப்படி ஒழித்துக்கட்டுகிறது என்று ஒருத்தராவது கேட்டதுண்டா? எனக்கென்னவோ அதுதான் சுவாரஸ்யமான சமாச்சாரம்.

செல்லுக்குள் சில புரோட்டீன்கள் நாள்கணக்கில் உழைக்கும். சிலவற்றுக்குச் சில நிமிஷங்கள்தான் ஆயுசு. வேலை முடிந்தாலோ, தப்பாக மடிந்துபோனாலோ சீட்டைக் கிழித்துவிட வேண்டும். அந்தச் சீட்டின் பெயர் யுபிகுவிட்டின். அதுவும் ஒரு பொடிப் புரோட்டீன்தான். மொத்தமே 76 அமினோ அமிலம். நம் ஆபீஸ் ஃபைல் மாதிரி மூன்று மேஜை தாண்டணும். முதல் என்சைம் சீட்டைத் தயார் பண்ணும், இரண்டாவது வாங்கி வைத்துக்கொள்ளும், மூன்றாவது ஆள் பார்த்து ஒட்டும். இந்த மூன்றாம் மேஜைக்காரர்கள் மட்டும் நம்மிடம் 600-க்கு மேல்! சீட்டுகள் சங்கிலியாகச் சேர்ந்ததும், புரோட்டியசோம் என்கிற பீப்பாய் ஆசாமியை உள்ளே இழுத்துத் துண்டு துண்டாக நறுக்கிவிடும். யுபிகுவிட்டின் மட்டும் கழன்று அடுத்த ஆளைத் தேடப் போய்விடும். (சிக்கன நிர்வாகம்!)

கண்டுபிடித்த கதை இன்னும் ஜோர். 1970-களின் கடைசியில் இஸ்ரேலின் ஹைஃபா நகரத்து டெக்னியானில் அவ்ராம் ஹெர்ஷ்கோவும் அவர் மாணவர் ஆரன் சீஹானோவரும், முயலின் இளம் சிவப்பணுச் சாற்றை இரண்டாகப் பிரித்தார்கள். தனித்தனியே வைத்தால் ஊஹும். சேர்த்தால் வேலை நடந்தது. ஒரு பாதியைச் சுடவைத்துப் பார்த்தார்கள். பொதுவாகப் புரோட்டீன் சூடு கண்டால் அவித்த முட்டைக் கதிதான். இது அசையவில்லை. அந்தக் கல்லுளிமங்கன்தான் யுபிகுவிட்டின். ஃபிலடெல்ஃபியாவின் இர்வின் ரோஸையும் சேர்த்து மூவருக்கும் 2004-ல் வேதியியல் நோபல்.

சரி, மேஜையில் ஊழல் நடந்தால்? ஹெச்.பி.வி. வைரஸின் சில வகைகள் மூன்றாம் மேஜைக்காரர் ஒருத்தரைக் கைக்குள் போட்டுக்கொண்டு, புற்றுநோயைத் தடுக்கிற பி53 என்ற காவல்காரருக்கே சீட்டு ஒட்டிவிடும். கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அது ராஜபாட்டை. 'பொம்பளைங்க சமாச்சாரம்' என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். இந்த வைரஸ் ஆண்களுக்கும் தொற்றும், தொண்டையில்கூடப் புற்று வைக்கும். தடுப்பூசி இருக்கிறது.

இதே பீப்பாயை வைத்து ஒரு மருந்தும் பண்ணியிருக்கிறார்கள். மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றில் செல்கள் ஓயாமல் புரோட்டீன் தயாரித்துத் தள்ளும். பீப்பாயின் கத்தியை மழுக்கிவிட்டால் குப்பை குவிந்து, அதிலேயே மூச்சு முட்டிச் சாகும். 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போர்ட்டிசோமிப் செய்வது இதைத்தான். நோய் அடியோடு போவது அபூர்வம் என்றாலும் ஆயுசு நீள்கிறது. கை கால் விரல்கள் மரத்துப்போகிற தொல்லை உண்டு. அதைக் குறைக்கத்தான் ஊசியை ரத்தக்குழாயில் போடாமல் தோலுக்கடியில் போடுகிறார்கள்.