சிதறிய செல்வமும் வரிசைத் தேடலும்

அகராதியிடம் மனிதன் இருவகை வினாக்களை எழுப்புகின்றான். 'கடல்' என்னும் சொல்லின் பொருள் யாது என்பது ஒருவகை. 'கடல்' முதல் 'கடை' வரையுள்ள சொற்கள் யாவை என்பது மற்றொருவகை. முன்னையது ஒரு சொல்லைக் குறித்தது. பின்னையது ஒரு வீச்சைக் குறித்தது. அகரவரிசை என்னும் ஒழுங்கு இருத்தலால் அகராதி இரண்டிற்கும் எளிதில் விடை தருகின்றது. அச்சொற்களைத் தனித்தனியே வெட்டியெடுத்து ஆயிரம் வீடுகளில் பரப்பி வைத்தால் என்ன நேரும்? கணினி அறிஞர் பலரின் சிந்தையைக் கவர்ந்த வினா இதுவேயாகும்.

இவ்வாறு பரப்பி வைப்பதன் தேவை யாது என நேயர்கள் வினவலாம். 1999ஆம் ஆண்டில் 'நப்ஸ்டர்' என்னும் இசைப் பகிர்வுச் சேவை அமெரிக்காவில் தோன்றியது. பாடல்கள் பயனாளரின் கணினிகளிலேயே இருந்தன. ஆயினும் எந்தப் பாடல் எவரிடம் உள்ளது என்னும் பட்டியல் மாத்திரம் நிறுவனத்தின் கணினிகளில் இருந்தது. இசைத்தட்டு நிறுவனங்கள் பதிப்புரிமை வழக்குத் தொடுத்தன. 2001ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சேவை நின்றது. அவ்வழக்கின் நியாயம் ஒருபுறமிருக்க, அறிஞர் வேறோர் உண்மையை அதிற் கண்டனர். பட்டியல் ஓரிடத்தில் இருப்பின், அவ்விடம் வீழும்போது அனைத்தும் வீழும். வழக்கினால் மட்டுமன்று, தீயினாலும் பழுதினாலும் அது நேரலாம்.

அதே 2001ஆம் ஆண்டில், பட்டியலையும் எல்லோருக்கும் பகிர்ந்தளிக்கும் முறைகள் சில வெளிவந்தன. அவற்றுக்குப் பரம்பிய ஹாஷ் அட்டவணை என்பது பொதுப்பெயர். மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான 'கோர்ட்' அவற்றுள் ஒன்று. அதன் இயல்பைச் சுருங்க நோக்குவோம். கணினிகள் யாவும் ஒரு பெரும் வளையத்தில் அமர்ந்திருப்பதாகக் கொள்ளப்படும். ஒரு பொருளின் பெயரை ஹாஷ் என்னும் கணித விதிக்கு உட்படுத்தினால் ஓர் எண் பிறக்கும். வளையத்தில் அவ்வெண்ணுக்கு அடுத்து அமர்ந்துள்ள கணினியே அப்பொருளின் பொறுப்பாளர். ஒவ்வொரு கணினியும் தன்னிலிருந்து ஒரு பங்கு, இரு பங்கு, நான்கு பங்கு, எட்டுப் பங்கு என இரட்டித்துச் செல்லும் தொலைவுகளில் உள்ள சிலரை மாத்திரம் அறிந்திருக்கும். ஆகவே ஒவ்வோர் அடியிலும் எஞ்சிய தூரம் பாதியேனும் குறைகின்றது. பத்து இலட்சம் கணினிகள் இருப்பினும் ஏறத்தாழ 20 அடிகளுள் உரிய இடத்தை எய்தலாம்.

ஹாஷ் விதியின் சிறப்பு, அது பொருள்களைப் பாகுபாடின்றிச் சிதறடிப்பதாகும். அதனால் எவர்மீதும் பெருஞ்சுமை ஏறுவதில்லை. ஆனால் அச்சிறப்பே குறையுமாகின்றது. வெப்பநிலைப் பதிவுகள் இவ்வாறு வைக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். 27 பாகைக்குரிய பதிவு வளையத்தின் ஒரு முனையிலும், 28 பாகைக்குரியது மறுமுனையிலும் கிடக்கக்கூடும். 25 முதல் 30 பாகை வரையுள்ள பதிவுகளைத் தருக என்றால், ஒவ்வொரு பெறுமானத்தையும் தனித்தனியே வினவல் வேண்டும். தசமங்களும் சேருமாயின் அதற்கு எல்லையில்லை. அன்றேல் கணினிகள் அனைத்தையும் வினவல் வேண்டும். இரண்டும் பயன்தரா.

இதனைத் தீர்க்க இரு நெறிகள் வகுக்கப்பட்டன. ஹாஷ் விதியைக் கைவிட்டு, பொருள்களை வரிசையிலேயே வைப்பது முதல் நெறி. ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ், கௌரி ஷா ஆகியோர் 2003இல் வெளியிட்ட 'ஸ்கிப் கிராப்' இத்தகையது. அடித்தளத்தில் யாவரும் வரிசையாகக் கைகோத்து நிற்பர். ஒவ்வொருவரும் நாணயம் சுண்டி, பூவோ தலையோ விழுந்தவாறு மேல்தளத்தில் இரு வரிசைகளுள் ஒன்றிற் சேர்வர். அதற்கு மேலும் அவ்வாறே. மேல்தளங்களில் ஆட்கள் அருகியிருத்தலின் நெடுந்தூரம் தாவலாம். கீழிறங்கி வீச்சின் தொடக்கத்தைக் கண்டபின், கைகோத்தவரை ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்தாற் போதும். ஆனால் வரிசையைக் காத்தால் சுமை சமமாகப் பகிரப்படுவது அரிது. யாவரும் நாடும் பகுதியைக் காப்பவர் களைப்புறுவர். 2004இல் வெளிவந்த 'மேர்க்குரி' இதற்கொரு பரிகாரம் கண்டது. ஆங்காங்கே சிலரிடம் வினவிச் சுமையின் நிலையை மதிப்பிட்டு, சுமை குறைந்த கணினி தன்னிடத்தை விட்டகன்று, சுமை மிகுந்ததன் அருகே சென்றமர்ந்து பாதியை ஏற்கும்.

ஹாஷ் அட்டவணையைத் தொடாது, அதன்மேல் ஒரு மரத்தை எழுப்புவது இரண்டாம் நெறி. இராமபத்திரன், இரத்தினசாமி, ஹெலர்ஸ்டீன், ஷெங்கர் ஆகிய நால்வர் 2004இல் இதனை விளக்கினர். எண்களைப் பூச்சியமும் ஒன்றுமாக எழுதினால், அருகருகேயுள்ள பல எண்கள் ஒரே முன்னொட்டைப் பெற்றிருக்கும். ஒவ்வொரு முன்னொட்டும் மரத்தின் ஒரு கணு. அக்கணுவின் பெயரையே ஹாஷ் செய்து, அதற்குரிய கணினியில் அதனை வைப்பர். ஓர் இலையில் பொருள்கள் அளவுக்கு மிஞ்சினால் அது இரண்டாகப் பிளக்கும். வேரிலிருந்து இறங்கவேண்டிய கட்டாயமும் இல்லை. முன்னொட்டின் நீளத்தைப் பாதிபாதியாகக் குறுக்கி ஊகித்தால், 32 இலக்க எண்ணாயினும் ஐந்தாறு வினாக்களில் உரிய இலை அகப்படும். வீச்சிலுள்ள ஏனைய இலைகளை அங்கிருந்து தொடரலாம். ஆயினும் ஒவ்வொரு வினாவும் வளையத்திற் பல அடிகள் நடக்கவேண்டும் என்பதே இதற்குச் செலுத்தும் விலை.

இவை நுண்ணியோர் விளையாட்டல்ல. பிற்றொரென்ட் என்னும் கோப்புப் பகிர்வு முறை 2005 முதல் இத்தகைய அட்டவணையைக் கையாள்கின்றது. ஆனால் அது ஹாஷ் எண்ணைக் கொடுத்தால் மாத்திரமே விடை பகரும். பெயரைக்கொண்டு தேட விரும்புவோர் ஏதேனும் ஒரு தனிப் பட்டியலையே நாடுகின்றனர். விலக்க முயன்ற மையம் வேறுவழியாக மீண்டும் உட்புகுகின்றது. பொருள்களைப் பங்கிடுதல் மாத்திரம் போதாது. எல்லாவகை வினாக்களுக்கும் விடைகூறும் ஆற்றலையும் பங்கிடல் வேண்டும். அதுவரை, பட்டியலை வைத்திருப்பவனே தலைவனாவான்.