ஆன்ஃபீல்டில் அடுத்து யார்?

1974 ஜூலை 12, வெள்ளிக்கிழமை. லிவர்பூல் கால்பந்து கிளப்பின் தலைவர் ஜான் ஸ்மித் பத்திரிகையாளர்களைக் கூட்டி, மேனேஜர் பில் ஷாங்க்லி ஓய்வு பெறுகிறார் என்று அறிவித்தார். இரண்டு மாதம் முன்புதான் வெம்ப்ளியில் நியூகாசிலை 3–0 என்று வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையைக் கொண்டுவந்திருந்தார் ஷாங்க்லி. 1959 டிசம்பரில் அவர் பொறுப்பேற்றபோது கிளப் இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. 15 ஆண்டுகளுக்குள் மூன்று லீக் பட்டங்கள், இரண்டு எஃப்.ஏ. கோப்பைகள், ஒரு யுஇஎஃப்ஏ கோப்பை. ஸ்காட்லாந்தின் சுரங்கக் கிராமம் ஒன்றில் பிறந்து, சிறுவயதில் சுரங்கத்திலும் வேலை பார்த்தவர். லிவர்பூல் துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் உழைத்துக் கொண்டிருந்தவர்கள் அவரை மேனேஜராக அல்ல, தங்கள் வீட்டு மனிதராகவே பார்த்தார்கள்.

அன்று கிரனாடா டிவியின் இளம் நிருபர் டோனி வில்சன் மைக்கோடு தெருவில் இறங்கி, எதிர்ப்பட்டவர்களிடம் செய்தியைச் சொன்னார். அந்தப் பதிவு இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. யாரும் நம்பவில்லை. ஒரு சிறுவன், நிருபர் தன்னிடம் விளையாடுகிறார் என்றே நினைக்கிறான். நிஜம்தான் என்று புரிந்ததும் முகம் வாடிப்போகிறது. வயதில் மூத்தவர்களும் அதே நிலைதான். அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தோன்றுவது இதுதான்: அடுத்து யார் என்ற கேள்வி அவர்கள் மனதில் இன்னும் பிறக்கவே இல்லை. ஒருவர் போகிறார் என்பதிலேயே நின்றுவிட்டார்கள்.

2024 ஜனவரி 26. அதுவும் வெள்ளிக்கிழமைதான். யூர்கன் க்ளோப் கிளப்பின் வீடியோவில் தோன்றி, சீசன் முடிந்ததும் விலகுவதாகவும் தன்னிடம் தெம்பு தீர்ந்துகொண்டு வருவதாகவும் சொன்னார். 2019-இல் சாம்பியன்ஸ் லீகையும், 30 ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு 2020-இல் லீக் பட்டத்தையும் தந்தவர். அதிர்ச்சி 1974-க்குக் குறைந்ததல்ல, அழுதவர்கள் ஏராளம். ஆனால் அன்று பொழுது சாய்வதற்குள் பட்டியல்கள் வந்துவிட்டன. ஷாபி அலோன்சோ முதலிடம். பந்தயக் கடைகள் ஒவ்வொரு பெயருக்கும் விலை போட்டுவிட்டன. அழுகையும் ஆராய்ச்சியும் ஒரே நாளில், பல நேரம் ஒரே ஆளிடம்.

ஐம்பது ஆண்டுகளில் ரசிகருடைய பாசம் வற்றிவிட்டது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. 1974-இன் ரசிகரிடம் விவாதிப்பதற்குச் சரக்கே இல்லை. டிவியில் வாரத்துக்குச் சில ஆட்டங்களின் சுருக்கம் வரும். மற்றபடி அவர் பார்த்தது சொந்த அணியையும், அதன் மைதானமான ஆன்ஃபீல்டுக்கு வந்துபோன எதிரணிகளையும்தான். ஹாலந்திலோ போர்ச்சுகலிலோ ஒரு பயிற்சியாளர் எப்படி அணியை ஆடவைக்கிறார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை, தேவையுமில்லை. வெளிநாட்டவரை மேனேஜராக்கும் எண்ணமே இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் கிடையாது. பிரிட்டன், அயர்லாந்துக்கு வெளியே பிறந்த முதல் மேனேஜராக யோசஃப் வெங்லோஷ் ஆஸ்டன் வில்லாவுக்கு வந்ததே 1990-இல்தான். தேர்வு இயக்குநர்கள் அறையில் நடக்கும், ரசிகர் மறுநாள் லிவர்பூல் எக்கோ நாளிதழில் படிப்பார். பப்பில் பேசுவார், கோப் ஸ்டாண்டில் ஆயிரக்கணக்கானவரோடு தோளோடு தோள் இடித்து நின்று பேசுவார். பேச்சு அங்கேயே கரைந்துவிடும்.

அந்த இயக்குநர்கள் எடுத்த முடிவு, இன்றைய எந்த ரசிகர் பட்டியலிலும் இடம்பெற்றிருக்காது. ஷாங்க்லியின் உதவியாளர் பாப் பெய்ஸ்லி. வயது 55. 1939-இல் ஆட்டக்காரராகச் சேர்ந்து, ஆட்டம் முடிந்ததும் அங்கேயே தங்கி, தசைப்பிடிப்புக்கும் முழங்கால் வலிக்கும் வைத்தியம் பார்த்து, பிறகு பயிற்சி கொடுத்து, ஒரே கிளப்பில் 35 ஆண்டுகள் கழித்தவர். மேடைப் பேச்சு வராது. மைக்கைக் கண்டால் தயங்குவார். பதவியையும் ஆசைப்பட்டு ஏற்கவில்லை, வற்புறுத்தித்தான் ஏற்க வைத்தார்கள். ஷாங்க்லியின் சொல்வீச்சில் மயங்கிக் கிடந்த நகரத்துக்கு இவர் எந்த வகையிலும் ஈடாகத் தெரிந்திருக்க மாட்டார்.

ஆனால் அவர் பின்னால் ஒரு அறை இருந்தது. ஆன்ஃபீல்டின் மெயின் ஸ்டாண்டுக்கு அடியில், ஆட்டக்காரர்களின் பூட்ஸ்களை மாட்டிவைக்கும் சிறிய அறை. பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், ரோனி மோரன், ரூபன் பென்னட் எல்லோரும் அங்கே பீர்ப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, யாருடைய கால் கனத்துப்போயிருக்கிறது, எந்த இளைஞன் தயாராகிவிட்டான் என்று அலசுவார்கள். ஆட்டம் முடிந்ததும் எதிரணி மேனேஜரை அழைத்து ஒரு கோப்பை ஊற்றிக்கொடுத்து, அவர் அணியின் சங்கதிகளையும் பேச்சோடு பேச்சாகக் கறந்துவிடுவார்கள். பூட் ரூம் என்பது அதன் பெயர். கிளப்பின் அடுத்த மேனேஜர்கள் அங்கேதான் விளைந்தார்கள்: 1974-இல் பெய்ஸ்லி, 1983-இல் ஃபேகன், பின்னாளில் 1994-இல் ராய் எவன்ஸ்.

அதே 1974 கோடையில் லீட்ஸ் யுனைடெட்டில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதன் மேனேஜர் டான் ரெவி இங்கிலாந்து அணிக்குப் போனார். தன் இடத்துக்கு அணியின் ஆட்டக்காரர் ஜானி கைல்ஸை அவர் சிபாரிசு செய்தார். இயக்குநர்களோ லீட்ஸை வாய்க்கு வந்தபடி விமர்சித்துவந்த பிரையன் க்ளஃபை அழைத்துவந்தார்கள். ஆகஸ்ட் 10 அன்று வெம்ப்ளியில் சாரிட்டி ஷீல்டு ஆட்டம். லீட்ஸை க்ளஃப் அழைத்துவர, லிவர்பூலை ஷாங்க்லியே கடைசி முறையாக அழைத்துவந்தார். க்ளஃப் 44 நாட்களில் வெளியேற்றப்பட்டார். பெய்ஸ்லி ஒன்பது சீசன் இருந்தார். ஆறு லீக் பட்டங்கள், மூன்று ஐரோப்பியக் கோப்பைகள், ஒரு யுஇஎஃப்ஏ கோப்பை, மூன்று லீக் கோப்பைகள்.

ஷாங்க்லிக்கு ஓய்வு ஒத்துக்கொள்ளவில்லை. மெல்வுட் பயிற்சித் திடலுக்கு வந்துகொண்டே இருந்தார். ஆட்டக்காரர்கள் பழக்கத்தில் அவரை பாஸ் என்றே கூப்பிட்டார்கள். புதிய மேனேஜருக்கு அது இடைஞ்சல் என்று, வர வேண்டாம் என அவருக்குச் சொல்லும்படி ஆனது. மனம் நொந்து போனார். 1981 செப்டம்பர் 29-இல் காலமானார். கிளப் அவரை இன்னும் கௌரவமாக நடத்தியிருக்கலாம் என்ற வருத்தம் அந்த நகரத்தில் இன்றும் உண்டு, எனக்கும் உண்டு.

1993-இல் பூட் ரூமை இடித்தார்கள். பத்திரிகையாளர்களுக்கு இடம் பெரிதாக வேண்டியிருந்தது. அடுத்த மேனேஜரை உள்ளேயே வளர்த்த அறை போய், அடுத்த மேனேஜர் யார் என்று வெளியே பேசுவதற்கான அறை வந்தது. இந்த மாற்றத்தில் எனக்கு மிகவும் வலிக்கும் சம்பவம் அதுதான். மறு ஆண்டு ஏப்ரல் 30-இல் கோப் ஸ்டாண்டில் கடைசி முறையாக நின்று ஆட்டம் பார்த்தார்கள், பிறகு இருக்கைகள் வந்தன. 1998-இல் பிரான்சிலிருந்து ஜெரார்டு உல்லியே வந்து முதலில் எவன்ஸோடு கூட்டாகவும், நவம்பரிலிருந்து தனியாகவும் நடத்தினார். 2004-இல் ஸ்பெயினின் ராஃபா பெனிடெஸ். அதற்குப் பிறகு ரசிகரின் கண்ணும் ஐரோப்பா முழுக்கச் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

ரசிகர்களின் சொல் ஒரே ஒருமுறைதான் நேரடியாகப் பலித்தது. 2010 ஜூலையில் ராய் ஹாட்ஜ்சன் மேனேஜராக வந்தபோது, பழைய ஆட்டக்காரரும் பழைய மேனேஜருமான கென்னி டால்கிலீஷ் தானே பொறுப்பேற்கத் தயாராக இருந்தார், கிளப் அவரை எடுக்கவில்லை. செப்டம்பரில் நான்காம் நிலை அணியான நார்தாம்ப்டனிடம் ஆன்ஃபீல்டிலேயே பெனால்டியில் லீக் கோப்பைத் தோல்வி. அக்டோபரில் பிளாக்பூலிடம் தோற்று, கீழ் டிவிஷனுக்கு இறக்கப்படும் வரிசைக்கே போனார்கள். உரிமையாளர்கள் ஹிக்ஸ், ஜில்லெட் இருவரும் கிளப்பைக் கடனில் மூழ்கடித்திருந்தார்கள். 2008-இல் தொடங்கிய ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி என்ற ரசிகர் சங்கம் தெருவில் இறங்கிப் போராடியது. அந்த அக்டோபரில் உரிமை கைமாறியது. டிசம்பர் 29 அன்று உல்வ்ஸிடம் தோற்ற ஆட்டத்தில் கோப் ஸ்டாண்டே டால்கிலீஷின் பெயரைப் பாடியது. பத்தே நாளில், 2011 ஜனவரி 8 அன்று, அவர் மேனேஜரானார்.

டால்கிலீஷ் ஏன்? 1989 ஏப்ரலில் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். அன்றைய மேனேஜரான அவர் இறுதிச் சடங்கு இறுதிச் சடங்காகப் போய், குடும்பங்களுடன் நின்றார். அதை மறக்காத மக்கள், கிளப் உடைந்துகிடந்த நேரத்தில் அவரைத் திரும்பக் கேட்டார்கள். 2012-இல் லீக் கோப்பை வந்தது, லீக்கில் எட்டாம் இடம், மே மாதமே அவரை நீக்கினார்கள். ஆட்டக் கணக்கில் சாதாரணம். ஆனாலும் அந்த ஜனவரியில் ரசிகர்கள் கேட்டது சரிதான் என்பேன். கிளப்பில் மறுபடி மூச்சு வந்ததே அவரால்தான்.

2024-க்கு வருவோம். விவாதத்தின் தரம் என்னை வியக்க வைத்தது. அலோன்சோ 2004 முதல் 2009 வரை லிவர்பூலில் ஆடியவர், இப்போது பயிற்சியாளராக ஜெர்மனியின் லெவர்குசனைத் தோல்வியே இல்லாமல் பட்டத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். அவர் வந்தால் மூன்று டிஃபெண்டர் முறைக்கு அணி பழக வேண்டுமே என்று கேட்டார்கள். மார்ச் 29 அன்று அவர் லெவர்குசனிலேயே இருக்கப்போவதாகச் சொன்னதும் ஸ்போர்டிங் லிஸ்பனின் ரூபன் அமோரிம் பெயர் மேலே வந்தது, அவருக்கும் அதே கேள்வி. கடைசியில் ஃபெயனூர்டின் ஆர்னே ஸ்லாட். டச்சு லீக் லேசானது, அங்கே ஜெயித்தவர் இங்கே தாக்குப்பிடிப்பாரா என்று ஒரு கட்சி. நான்கு டிஃபெண்டர்கள், பந்தைத் தக்கவைக்கும் ஆட்டம், இருக்கும் அணிக்கு அப்படியே பொருந்துவார் என்று இன்னொரு கட்சி. பிரஸ்ஸிங் அளவு, கோல் வாய்ப்புகளின் தரத்தை அளக்கும் எக்ஸ்பெக்டட் கோல்ஸ், காயமடைந்தோர் எண்ணிக்கை எல்லாம் ரசிகர் வாயில் சரளமாகப் புழங்கின. 1974-இல் இயக்குநர்களுக்கே இதில் கால்வாசி தெரிந்திருக்காது.

அதற்காக முடிவில் ரசிகருக்குப் பங்கு கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ஒரு கதவு மூடி இன்னொரு கதவு வந்திருக்கிறது, அவ்வளவுதான். 2024-இல் முடிவெடுத்தவர்கள் மைக்கேல் எட்வர்ட்ஸ், ரிச்சர்ட் ஹியூஸ் போன்ற நிர்வாகிகள், கூடவே ஒரு புள்ளிவிவரக் குழு. 2014–15-இல் க்ளோப் நடத்திய டார்ட்மண்ட் அணி ஏழாம் இடத்தில் முடிந்ததற்குக் காரணம் அவருடைய ஆட்டமுறை அல்ல, துரதிர்ஷ்டம்தான் என்று கணித்துச் சொன்னவர், கிளப்பின் ஆய்வுத் தலைவராக இருந்த இயற்பியல் முனைவர் இயன் கிரஹாம். ரசிகர் வாரியம் ஒன்று இன்று இருக்கிறது. ஐரோப்பிய சூப்பர் லீக்கில் கிளப் சேர முயன்ற சர்ச்சைக்குப் பிறகு கிடைத்த பெரிய உரிமை அது. ஆனால் மேனேஜரைத் தேர்ந்தெடுப்பது அதன் வேலையல்ல.

க்ளோப்புக்கும் ஒரு பெய்ஸ்லி இருந்தார்: உதவியாளர் பெப் லைண்டர்ஸ். அவர் க்ளோப்போடு சேர்ந்தே கிளம்பினார், சால்ஸ்பர்க்கில் மேனேஜரானார், டிசம்பரிலேயே நீக்கப்பட்டார். வீட்டிலேயே வளர்ந்தவர்தான் என்றும் சிறந்தவர் என்று நானும் அடித்துச் சொல்ல முடியாது. பெய்ஸ்லிக்கு 35 ஆண்டுகள் கிடைத்தன. இன்றைய உதவியாளர்களுக்கு அந்தப் பொறுமையும் இல்லை, அவர்களைக் காத்து வளர்க்கும் அறையும் இல்லை.

2024 மே 19, உல்வ்ஸுடன் க்ளோப்பின் கடைசி ஆட்டம். முடிந்ததும் மைக்கைப் பிடித்த க்ளோப், யாரும் எதிர்பாராத விதமாகத் தனக்குப் பின் வருபவரின் பெயரையே பாட ஆரம்பித்தார். ஸ்லாட் என்று கிளப் அறிவிப்பதற்கு ஒரு நாள் முன்பு. முழு மைதானமும் பின்பாட்டுப் பாடியது. ஷாங்க்லியையும் பெய்ஸ்லியையும் கிளப் நடத்திய விதத்தில் விட்டுப்போன ஒன்றை க்ளோப் அந்த இரண்டு நிமிடத்தில் செய்தார். போகிறவர் வருகிறவரைக் கையில் பிடித்துக் கொடுத்தார்.

ஸ்லாட் முதல் சீசனிலேயே 2025 ஏப்ரல் 27 அன்று டாட்டன்ஹாமை 5–1 என்று வீழ்த்திப் பட்டத்தை உறுதிசெய்தார், அதுவும் நான்கு ஆட்டங்கள் மிச்சமிருக்கையில். அமோரிம் 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார், அந்த அணி அந்த சீசனில் 15-ஆம் இடத்தில் முடிந்தது.

பிறகு 2025 நவம்பர். ஆன்ஃபீல்டில் ஃபாரஸ்டிடம் 0–3, நான்கே நாளில் பிஎஸ்வியிடம் 1–4. 12 ஆட்டங்களில் 9 தோல்வி. பட்டியல்கள் மறுபடி புறப்பட்டன. அலோன்சோ மறுபடி, க்ளோப்பே திரும்பட்டும் என்றும் சிலர். அந்த ஜூலையில் விபத்தில் சக ஆட்டக்காரர் தியோகோ ஜோட்டாவைப் பறிகொடுத்த அணி அது. ஓய்வறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து உடை மாற்றியவர்கள்தான் களத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்பெக்டட் கோல்ஸ் கணக்கில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. ஸ்லாட்டுக்கு அந்த சீசன் முழுவதையும் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்ற பக்கத்தில்தான் நான் நின்றேன். பெய்ஸ்லியின் முதல் சீசனில் கோப்பை எதுவும் வரவில்லை, டெர்பிக்குப் பின்னால் இரண்டாம் இடம். அவரை விட்டுவைத்தார்கள். மறு சீசனில் லீக் பட்டமும் யுஇஎஃப்ஏ கோப்பையும் சேர்ந்தே வந்தன.