வெடித்த சுவரும் வழக்கு மன்றமும்

ஹாலி-எலப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்து ஓய்வுபெற்ற நம் அயலவர் ஒருவர், ஊழியர் சேமலாப நிதியில் வந்த பணம் முழுவதையும் போட்டு ஒரு சிறு வீடு கட்டினார். கூரை ஏறிய மூன்றாம் மாதம், ஐப்பசி மழையில், பின்சுவரின் மூலை விரல் நுழையுமளவு வெடித்தது. "அத்திவாரத்தில் கல்லைக் குறைத்துவிட்டாய்" என்றார் வீட்டுக்காரர். "மண்ணை வெட்டித் தந்தது நீங்கள்தானே அண்ணே" என்றார் மேசன் பாஸ். கடைசித் தவணைக் கூலி நின்றது. வழக்குப் போடுவதென்று துணிந்த வீட்டுக்காரர் மனு எழுத நம்மிடம் வந்தார். தமிழ் கற்பிப்பவருக்குச் சட்டமும் தெரிந்திருக்கும் என்பது நம் ஊரின் பழைய நம்பிக்கை!

நாம் மனு எழுதவில்லை. மத்தியஸ்த சபைக்கு அனுப்பினோம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் பிறந்த சபை அது. குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பிணக்குகளை, அச்சபையில் இணக்கம் ஏற்படவில்லை என்னும் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்று ஏற்பதில்லை. ஆரம்பத்தில் 25,000 ரூபாவாக இருந்த அத்தொகை பின்னர் படிப்படியாக உயர்த்தப்பட்டது. அங்கே சட்டத்தரணி வாதாடுவதில்லை. மத்தியஸ்தர் தீர்ப்புக் கூறுவதுமில்லை. இரு தரத்தாரும் தாமே ஒரு முடிவுக்கு வரும்வரை பேசவைப்பதே அவர் பணி.

இரண்டாம் அமர்வில்தான் உண்மை வெளிவந்தது. பாஸ் ஒரு வரிசைக் கல்லைக் குறைத்திருந்தார். வீட்டுக்காரரோ குசினித் தண்ணீரை அந்த மூலைக்கே ஓடவிட்டிருந்தார். பாஸ் மூலையைப் பிரித்துக் கட்டுவது, சீமெந்து வீட்டுக்காரர் செலவு, நிறுத்திய கூலியில் பாதி வேலை முடிந்ததும், மீதி அடுத்த மழைக்குப் பின்னர் என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். அந்த 'அடுத்த மழை' என்ற நிபந்தனையை எந்த நீதிபதி எழுதியிருப்பார்?

சிறு வீட்டுக்கு இது போதும். மலையைக் குடையும் வேலைக்கு? பாறைக்குள் என்ன இருக்கிறதென்று ஒப்பந்தம் எழுதும்போது எவருக்கும் முற்றாகத் தெரியாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஐசனோவர் சுரங்கப் பாதையின் முதற்குழாய் வேலையில் இந்த அறியாமை பெருஞ்செலவை விளைத்தது. எனவே 1975இல் இரண்டாவது குழாயைத் தொடங்கியபோது, பிணக்கு எழுமுன்னரே மூவர் கொண்ட குழுவை நியமித்து வேலைத்தலத்துக்கு அடிக்கடி வரச்செய்தார்கள். இன்று உலகப் பொறியியல் ஒப்பந்தங்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு உண்டு. நம் நாட்டில் 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டமும் ஒப்பந்தக்காரருக்குக் கைகொடுக்கிறது.

ஆனால் இவையெல்லாம் கையொப்பமிட்டவர்களுக்கே. உமா ஓயாத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஈரானிய நிறுவனமொன்று நிர்மாணித்து, 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட 120 மெகாவாற்றுத் திட்டம் அது. 2014 டிசம்பரில் அதன் சுரங்கத்துள் நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அவ்வீட்டார் எந்த ஒப்பந்தத்திலும் இல்லாதவர்கள். நடுத்தீர்ப்பாளர் முன் செல்ல அவர்களுக்கு உரித்தில்லை. அரசு ஒரு தரப்பாயின் மத்தியஸ்த சபைக் கதவும் மூடியதே. 2017 ஜூனில் அவர்கள் பெருந்திரளாகப் பண்டாரவளை வீதியில் இறங்கியதற்கு வேறென்ன விளக்கம் வேண்டும்? அரசு நட்டஈடு வழங்க முன்வந்தது உண்மையே. எனினும், "இந்த வெடிப்புப் பழையதன்றோ?" என்று கேட்டால் ஏழை வீட்டார் எதைக் காட்டுவார்?

இதற்கு வழி இல்லாமலில்லை. துளைக்கும் இயந்திரம் மலையடி வருமுன்னரே, திட்டத்தைச் சாராத பொறியியலாளர் ஒருவர் ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் படம்பிடித்து, கிணற்று நீர்மட்டத்தை அளந்து, பிரதியொன்றை வீட்டார் கையிலேயே கொடுக்கவேண்டும். முறையீட்டைக் கேட்கும் குழுவும் அன்றே பெயர் சொல்லி அமைக்கப்படவேண்டும். கோடிக்கணக்கில் செலவாகும் வேலையில் இச்செலவு எம்மாத்திரம்?

நம் அயலவர் இப்போது ஓர் அறை கூட்டிக் கட்டுகிறார். பாஸும் அதே பாஸ்தான். சமையலறை ஆணியில் ஒரு கொப்பி தொங்குகிறது. அத்திவாரத்தின் ஆழம், கல் வரிசை, சீமெந்து மூட்டை எல்லாம் திகதியுடன் அதில் ஏறுகின்றன. மாலைதோறும் தேநீருக்கு முன் இருவரும் அதில் கையொப்பமிடுகிறார்கள்.